நாயமும் கம்ப்ளையன்ஸும்

திருப்பூரில் 'கம்ப்ளையன்ஸ்' என்பது சில நேரம் ஒரு ஆள். "நாளைக்குக் கம்ப்ளையன்ஸ் வருது, எல்லாரும் ஐடி கார்டு போட்டுட்டு வந்துருங்க" என்று சூப்பர்வைசர் சொன்னால், ஆடிட்டர் வருகிறார் என்று அர்த்தம். சில நேரம் அது ஒரு நாள்: "கம்ப்ளையன்ஸ் அன்னைக்கு லீவு போட்றாதீங்க." சில நேரம் அது ஒரு கம்பெனியின் குணம்: "அது கம்ப்ளையன்ஸ் கம்பெனிங்க, அங்க ஒன்றரை ஷிப்ட் கெடைக்காது." பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்கள்கூட, செக்கிங் டேபிளிலும் அயனிங் டேபிளிலும் இந்தச் சொல்லைத் தடுமாறாமல் சொல்வார்கள். ஓவர்லாக், பேட்லாக், ஷிப்மென்ட் மாதிரி இதுவும் பனியன் தொழிலின் சொல்.

ஆனால் ஓவர்லாக் ஒரு மெஷின். கம்ப்ளையன்ஸ், பெயரளவிலாவது, அறத்தைப் பற்றிய சொல். குழந்தைகளை வேலைக்கு வைக்காதே, ஆளை அடித்து வேலை வாங்காதே, செய்த வேலைக்குக் கூலி கொடு, தீப்பிடித்தால் வெளியே ஓட வழி வை. இந்த விஷயங்களையெல்லாம் பேச திருப்பூர் ஏன் ஒரு ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொண்டது? அதற்கு முன்பு இந்த ஊரில் இதற்குச் சொல் இல்லையா?

இருந்தது. கொங்குப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு அது தெரியும். அதற்கு முன் ஆங்கிலச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிடலாம்.

'கம்ப்ளை' என்ற வினையின் வேர் லத்தீனில் இருக்கிறது. நிரப்புதல், முழுமையாக்குதல் என்று பொருள். 'கம்ப்ளீட்' அதே வேரில் வந்தது, மரியாதைக்குச் சொல்லும் 'காம்ப்ளிமென்ட்'டும் அதன் உறவுதான். ஸ்பானிஷ், இத்தாலிய மொழிகள் வழியாக ஆங்கிலத்துக்கு வரும்போது அதில் அரசவை நாகரிகம் ஒட்டிக்கொண்டது. பெரியவர் மனம் கோணாமல் நடந்துகொள்வது. பிறகு அது இணங்கிப்போவது ஆகி, கடைசியில் விதிக்குக் கீழ்ப்படிவது ஆனது. பாரம் நிரப்புவதும் மேலிடத்தின் மனம் கோணாமல் நடப்பதும் இந்தச் சொல்லுக்குள் பிறப்பிலேயே இருக்கின்றன.

எஞ்சினியரிங் படித்தவர்களுக்கு இன்னொரு பொருளும் தெரிந்திருக்கும். மெக்கானிக்ஸில் கம்ப்ளையன்ஸ் என்பது விறைப்புக்குத் தலைகீழ். ஒரு ஸ்பிரிங்கை ஒரு குறிப்பிட்ட விசையோடு இழுத்தால் அது எவ்வளவு நீளும் என்ற அளவு. நான்கு ஸ்பிரிங்குகளை ஒன்றன்பின் ஒன்றாக மாட்டி நுனியைப் பிடித்து இழுத்தால், நான்கிலும் ஒரே விசைதான் பாயும். ஆனால் எது அதிகம் வளைந்துகொடுக்குமோ அதுதான் அதிகம் நீளும். ஐரோப்பிய பிராண்ட், திருப்பூர் ஏற்றுமதியாளர், ஜாப் ஒர்க் யூனிட், டைலர் என்று வரிசையாக மாட்டிப் பாருங்கள். இந்தக் கட்டுரையில் சொல்ல வருவதில் பாதி அந்தப் படத்திலேயே இருக்கிறது.

இப்போது நம் சொல்லுக்கு வருவோம். கொங்கு வழக்கில் 'நாயம்' என்றால் பேச்சு. "திண்ணையில உக்காந்து நாயம் பேசிட்டு இருந்தாங்க" என்றால் அரட்டை அடித்தார்கள் என்று பொருள். "அந்த நாயம் இப்ப எதுக்கு?" என்றால், அந்தப் பேச்சு இப்போது வேண்டாம். வெளியூர்க்காரர்கள் முதலில் குழம்புவார்கள். இந்த நாயம் 'நியாயம்' தேய்ந்து வந்தது. நீதியைக் குறிக்கிற சொல் எப்படி வெறும் பேச்சைக் குறிக்க ஆரம்பித்தது? என் யூகம் எளிமையானது. இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசினால்தான் நியாயம் பிறக்கும் என்று பழகிய ஊரில், அந்தப் பேச்சுக்கே நியாயத்தின் பெயர் வந்துவிட்டது. மற்ற ஊர்களில் நியாயம் ஒரு தீர்ப்பாக இருக்கலாம், கொங்கில் அது ஒரு உரையாடல்.

இதைச் சொல்லும்போதே ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தத் திண்ணையில் எல்லாருக்கும் இடம் இருக்கவில்லை. ஊர் நாயம் பேசியவர்கள் நிலம் வைத்திருந்த ஆதிக்க சாதி ஆண்கள். பெண்களைப் பற்றிப் பேசினார்கள், பெண்களோடு பேசவில்லை. தலித்துகள் தள்ளி நின்று கேட்டார்கள். அதனால் பழைய நாயம் திரும்பி வந்தால் போதும் என்று யாரும் ஏங்க வேண்டியதில்லை. அந்தச் சொல்லுக்குள் இருக்கிற ஒரு கருத்து மட்டும்தான் நமக்கு வேண்டியது: பாதிக்கப்பட்டவர் பேசாமல் நியாயம் முடியாது.

பனியன் தொழில் அந்தக் கருத்தை ஒருமுறை பெரிய அளவில் நடத்திக் காட்டியது. 1925 வாக்கில் குலாம் காதர் தொடங்கிய பனியன் கம்பெனியைத்தான் திருப்பூரின் முதல் பனியன் தொழிற்சாலையாகச் சொல்வார்கள். அடுத்த ஐம்பது ஆண்டுகள் இது பெரும்பாலும் உள்நாட்டுக்கான வெள்ளைப் பனியன் ஊர். தொழிலாளிகளுக்குச் சங்கம் இருந்தது, முதலாளிகளுக்கும் சங்கம் இருந்தது. 1984-ல், விலைவாசி ஏறும்போது கூலியும் ஏற வேண்டும் என்று பஞ்சப்படி கேட்டுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அது 127 நாள் நீடித்தது. நான்கு மாதத்துக்கு மேல் சனிக்கிழமைச் சம்பளம் இல்லாமல் ஒரு ஊர் இருந்தது. திருப்பூரில் வயதான தோழர்கள் இன்றும் அந்த எண்ணைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குவார்கள். இங்கே போடப்படும் சம்பள ஒப்பந்தங்களில் பஞ்சப்படி என்ற வார்த்தை இடம்பெறுவதற்குப் பின்னால் அந்த 127 நாள் இருக்கிறது.

அந்த ஒப்பந்தங்கள் நாயத்தின் வடிவம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை முதலாளி சங்கங்களும் தொழிற்சங்கங்களும் மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து, கட்டிங், டைலர், செக்கிங், பேக்கிங் என்று ஒவ்வொரு பிரிவுக்கும் ஷிப்ட் கூலி பேசுவார்கள். பேச்சு முறியும், மறுபடி கூடும். கடைசியில் கையெழுத்து. யாருக்கும் முழுத் திருப்தி இருக்காது, ஆனால் அந்த எண் எங்கிருந்து வந்தது என்று இரண்டு பக்கத்துக்கும் தெரியும்.

1984-க்குப் பிறகு தொழிலின் உருவம் மாறியது. பெரிய கூரைகள் சின்னச் சின்ன யூனிட்டுகளாகப் பிரிந்தன. தையல் ஓரிடம், காஜா பட்டன் ஓரிடம், எம்பிராய்டரி ஓரிடம் என்று காண்ட்ராக்ட் பெருகியது. பத்துப் பேர் இருக்கிற பவர் டேபிள் யூனிட்டில் யார் சங்கம் வைப்பது? நேற்றுவரை டைலராக இருந்தவர் இன்று நான்கு மெஷின் போட்டு முதலாளி. திருப்பூரைப் பற்றி 'ஃப்ரெட்டர்னல் கேப்பிட்டல்' என்ற புத்தகம் எழுதிய ஷரத் சாரியிடம் இந்த முதலாளிகள் தங்கள் மூலதனம் 'உழைப்பு' என்றே சொன்னார்கள். அதில் உண்மையும் இருந்தது. ஆனால் "நானும் உன்னாட்டவே இருந்து வந்தவன்தான்" என்று முதலாளி சொல்லிவிட்டால், அவரிடம் கூலி பேசுவது கஷ்டம்.

இதே காலத்தில்தான் வெளிநாட்டு ஆர்டர்கள் வெள்ளம் போல வந்தன. 1970-களின் இறுதியில் ஐரோப்பிய பையர்கள் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். 1990-ல் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் உருவானது. இன்று ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி. அந்த ஆர்டர்களோடு சேர்ந்து வந்த பார்சல்தான் கம்ப்ளையன்ஸ்.

அது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஏற்பட்ட வெட்கத்தில் பிறந்தது. 1991-ல் லீவைஸ் நிறுவனம் தன் சப்ளையர்களுக்கு ஒரு நடத்தை விதித்தொகுப்பை வெளியிட்டது. அடுத்த ஆண்டு நைக்கி. 1996-ல் 'லைஃப்' பத்திரிகையில் பாகிஸ்தான் சிறுவன் ஒருவன் நைக்கி கால்பந்து தைக்கும் படம் வந்தது. தான் போடும் சட்டையை யார் தைத்தார்கள் என்று வாடிக்கையாளர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். 1997-ல் எஸ்ஏ 8000 என்ற சான்றிதழ் வந்தது. 1998-ல் பிரிட்டனில் எத்திக்கல் டிரேடிங் இனிஷியேட்டிவ் தொடங்கி, ஒன்பது பிரிவுகள் கொண்ட அடிப்படை விதிகளை வகுத்தது. தலைப்பில் இருந்த சொல் 'எத்திக்கல்'. தொழிற்சாலை வாசலுக்கு வந்து சேர்ந்தபோது அது கம்ப்ளையன்ஸ் ஆகியிருந்தது. லண்டனில் அறம், அவிநாசி ரோட்டில் கீழ்ப்படிதல்.

கம்ப்ளையன்ஸ் செய்த நன்மையை மறைத்துவிட்டு மேலே போக முடியாது. தொண்ணூறுகளில் திருப்பூர் பவர் டேபிள்களில் டைலருக்குப் பக்கத்தில் நின்று துணியை மடித்துக் கொடுக்கிற, நூல் வெட்டுகிற 'கைமடி' வேலைக்குப் பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளைகள் இருந்தார்கள். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-லேயே வந்துவிட்டது. ஆனால் ஆர்டர் போய்விடும் என்ற பயம் சட்டத்தைவிட வேகமாக வேலை செய்தது. ஏற்றுமதிக் கம்பெனிகளின் கூரைக்குக் கீழே சிறுவர்கள் குறைந்தார்கள். பெண்களுக்குத் தனிக் கழிப்பறை வந்தது. தீயணைப்பான் சிலிண்டர்கள் சுவரில் ஏறின. அவசர வழிக்கு மஞ்சள் கோடு போடப்பட்டது. இவையெல்லாம் உண்மையான மாற்றங்கள். அந்தக் கழிப்பறையைப் பயன்படுத்துகிற ஒருவர் இவை வெறும் பூச்சு என்று சொல்ல மாட்டார்.

ஆனால் கண்ணால் பார்க்க முடிவதைத்தான் ஆடிட் பார்க்கும். பார்க்க முடியாததற்கு அது பேப்பர் கேட்கும். பேப்பரைத் தயாரிக்க முடியும்.

ஒன்றரை ஷிப்டை எடுத்துக்கொள்வோம். திருப்பூரில் ஒரு ஷிப்ட் எட்டு மணி நேரம். காலை எட்டரைக்கு உள்ளே போய் இரவு எட்டரை, ஒன்பதுக்கு வெளியே வந்தால் ஒன்றரை ஷிப்ட். வாரம் ஆறு நாளும் அப்படிச் செய்தால் 72 மணி நேரம். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்றது. பிராண்டுகளின் விதித்தொகுப்புகள் ஓவர்டைமையும் சேர்த்து 60-க்கு மேல் கூடாது என்கின்றன. இது நேரக் கணக்கு. காசுக் கணக்கு இன்னும் சுவாரசியமானது. சட்டப்படி ஓவர்டைமுக்கு இரட்டிப்புக் கூலி. எட்டு மணி நேரத்துக்கு ஒரு ஷிப்ட் கூலி, கூடுதல் நான்கு மணி நேரம் இரட்டிப்பில் எட்டு மணி நேரக் கூலி. மொத்தம் இரண்டு ஷிப்ட் சம்பளம் வர வேண்டும். ஊர் வழக்கத்தில் ஒன்றரை ஷிப்டுக்கு ஒன்றரைச் சம்பளம். ஒரு நாளைக்கு அரை ஷிப்ட் கூலி காணாமல் போகிறது. வாரத்துக்கு மூன்று ஷிப்ட். அந்தக் காணாமல் போவது 'ஒன்றரை' என்ற பெயருக்குள்ளேயே ஒளிந்திருப்பதால் யாருக்கும் கண்ணில் படுவதில்லை.

ஆடிட்டருக்குக் காட்டும் ரெஜிஸ்டரில் 72 மணி நேரம் இருக்காது. இரண்டு நோட்டு வைப்பது தொழிலில் ஊரறிந்த ரகசியம். "யாராச்சும் கேட்டா எட்டு மணி நேரம்னு சொல்லுங்க" என்று முந்தின நாளே பாடம் நடக்கும். தொழிலாளிகளும் அப்படியே சொல்வார்கள். பயம் மட்டும் காரணமில்லை. உண்மையைச் சொன்னால் ஒன்றரை ஷிப்ட் நின்றுவிடும். ஒரு ஷிப்ட் கூலியில் வாடகை கட்டி, ஊருக்குப் பணம் அனுப்ப முடியாது. ஒரு நாள் வந்துபோகும் ஆடிட்டர், கூடுதல் நேரத்தை நிறுத்தச் சொல்லும் அதே வேகத்தில் கூலியை உயர்த்தச் சொல்ல மாட்டார். திருப்பூரில் பல ஆண்டுகள் ஆய்வு செய்த மானுடவியலாளர் கீர்ட் டி நெவ், பல தொழிலாளிகள் கட்டுப்பாடு மிகுந்த பெரிய ஏற்றுமதிக் கம்பெனிகளைவிடக் காண்ட்ராக்ட் வேலையையே விரும்பியதை எழுதியிருக்கிறார். யாருடைய நன்மைக்காக விதி எழுதப்பட்டதோ அவரே அதைத் தாண்டிக் குதித்து ஓடுகிறார் என்றால், எழுதும்போது அவரிடம் கேட்கவில்லை என்றுதான் அர்த்தம்.

முதலாளிகளுக்கும் இதில் ஒரு நாயம் உண்டு. ஒரே பிராண்டிலிருந்து இரண்டு மெயில் வரும். கம்ப்ளையன்ஸ் டிபார்ட்மென்ட், இதையெல்லாம் செய் என்று கேட்கும். பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட், போன சீசனைவிட விலையைக் குறை, இரண்டு வாரம் முன்னால் ஷிப்மென்ட் கொடு என்று கேட்கும். இரண்டு மெயிலும் ஒன்றையொன்று படிப்பதில்லை. ஆடிட் செலவும் பெரும்பாலும் சப்ளையர் தலையில்தான் விழும். விசை மேலிருந்து வருகிறது, ஸ்பிரிங் கீழே நீள்கிறது.

சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவர்களுக்கு இது புரியும். எல்லா டெஸ்ட் கேஸும் பாஸ் ஆகும், புரோகிராம் வேலை செய்யாது. டெஸ்ட் எதைக் கேட்கிறதோ அதற்கு மட்டும் பதில் எழுதப் பழகிவிட்டோம் என்று பொருள். எங்கள் ஆபீஸ்களிலும் ஆண்டுக்கு ஒருமுறை கம்ப்ளையன்ஸ் டிரெய்னிங் உண்டு. வீடியோவை மியூட்டில் ஓடவிட்டு 'நெக்ஸ்ட்' அழுத்துவார்கள். கடைசியில் சான்றிதழ் வரும். அங்கே அதனால் யாரும் சாவதில்லை.

கராச்சியில் செத்தார்கள். அலி என்டர்பிரைசஸ் என்ற ஆயத்த ஆடைத் தொழிற்சாலை 2012 ஆகஸ்டில் எஸ்ஏ 8000 சான்றிதழ் பெற்றது. செப்டம்பர் 11 அன்று அங்கே தீப்பிடித்து 250-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அது வைக்கப்பட்ட தீ என்று பின்னாளில் நீதிமன்றம் சொன்னது. யார் வைத்த தீயாக இருந்தாலும், ஜன்னல்களில் கம்பி இருந்தது, வெளியேற வழி இல்லை. சான்றிதழில் வழி இருந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 24 அன்று டாக்காவுக்கு அருகே ராணா பிளாசா இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். அந்தக் கட்டடத்தில் இயங்கிய தொழிற்சாலைகளிலும் ஆடிட் நடந்திருந்தது. முந்தின நாள் சுவரில் விரிசலைப் பார்த்து உள்ளே போகத் தயங்கியவர்கள் தொழிலாளிகள்தான். அவர்களுடைய பேச்சு எந்தப் பாரத்திலும் ஏறவில்லை.

நம் ஊரில் பாரத்துக்கு வெளியே நின்றது நொய்யல். மேலே சொன்ன ஒன்பது அடிப்படை விதிகளில் ஆற்றைப் பற்றி ஒரு பிரிவும் கிடையாது. சாயப்பட்டறைக் கழிவு நொய்யலில் இறங்கி, 1992-ல் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீராகத் தேங்கியது. கீழே இருந்த விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் கெடு வைத்தது. 2009-ல் உச்ச நீதிமன்றம், அசுத்தம் செய்தவர்தான் செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை உறுதிசெய்தது. அப்போதும் நிற்கவில்லை. 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன, ஊரே திகைத்தது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத சுத்திகரிப்பு முறைக்குத் திருப்பூர் மாறியது அதன் பிறகுதான். இன்று அதையே பசுமைத் திருப்பூர் என்று பெருமையோடு பையர்களிடம் சொல்கிறோம். அந்தப் பெருமையின் முதல் வரியை எழுதியது எந்தப் பையரின் விதித்தொகுப்பும் இல்லை. பாசனம் கெட்டுப்போன விவசாயிகள்.

நூற்பாலைகளும் பாரத்துக்கு வெளியேதான் இருந்தன. கல்யாணத்துக்குப் பணம் சேர்க்கலாம் என்று சொல்லி, மூன்று ஆண்டு ஹாஸ்டலில் வைத்து, முடிவில் மொத்தத் தொகை தருவதாக இளம்பெண்களை எடுத்த சுமங்கலித் திட்டம் 2011-ல் நெதர்லாந்து அமைப்புகளின் அறிக்கை ஒன்றால் உலகத்துக்குத் தெரிந்தது. பனியன் தைக்கிற கம்பெனி வரைக்கும் வந்த ஆடிட்டர், அந்த நூல் எங்கே நூற்கப்பட்டது என்று பார்க்க அதிகம் போகவில்லை.

2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில், திருப்பூரைச் சேர்ந்த ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் குழுமத்தின் நாச்சி அப்பேரல் ஆலையில் வேலை பார்த்த 20 வயது தலித் பெண் கொலை செய்யப்பட்டார். அவருடைய சூப்பர்வைசர் கைதானார். பாலியல் தொந்தரவு பற்றி அங்கே வேலை பார்த்த மற்ற பெண்களும் பேச ஆரம்பித்தார்கள். பெரிய பிராண்டுகளுக்குத் தைத்துக்கொண்டிருந்த ஆலை அது. பெண்களைப் பாதுகாக்கும் விதி அந்த பிராண்டுகளின் தொகுப்புகளில் ஏற்கெனவே இருந்தது. ஆனால் சூப்பர்வைசரைப் பற்றி ஒரு பெண், அவர் நிற்கிற அதே லைனுக்குப் பக்கத்தில், முன்பின் தெரியாத ஆடிட்டரிடம் எப்படிச் சொல்வாள்?

அந்தப் பெண் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியனின் உறுப்பினர். பெண்கள் தலைமை ஏற்று நடத்தும், தலித் பெண்கள் பெருமளவில் இருக்கும் சங்கம் அது. சங்கமும் அதன் ஆதரவு அமைப்புகளும் கம்பெனியோடு பேசின, எச் அண்ட் எம் நிறுவனத்தோடு பேசின. 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் வந்தது. கேப், பிவிஎச் நிறுவனங்களும் பிறகு சேர்ந்தன. வழக்கமான விதித்தொகுப்பிலிருந்து அது வேறுபட்ட இடங்கள் மூன்று. ஒன்று, அது கையெழுத்திட்ட பிராண்டுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்தும், மீறினால் வெறும் சங்கடத்தோடு போகாது. இரண்டு, ஆலைக்குள் சங்கம் பயிற்சி கொடுத்த தொழிலாளிகளே கண்காணிப்பாளர்கள். ஆண்டுக்கு ஒரு நாள் வந்து போகாமல், தினமும் அதே லைனில் தைப்பவர்கள். மூன்று, குறை சொன்னால் பழிவாங்கக் கூடாது என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. முதல் ஆண்டில் 180-க்கும் மேற்பட்ட குறைகள் பதிவாகி, மிகப் பெரும்பான்மை தீர்க்கப்பட்டன.

பழைய ஆடிட் கண்ணோட்டத்தில் 180 குறை என்றால் மோசமான ஆலை. குறையே இல்லாத ரிப்போர்ட்தான் நல்ல ரிப்போர்ட். ஆனால் நூற்றுக்கணக்கான பெண்கள் வேலை செய்கிற இடத்தில் ஒரு குறையும் வரவில்லை என்றால், அங்கே குறை இல்லை என்பதைவிட அங்கே பேச முடியவில்லை என்பதே சரியான ஊகம். திண்டுக்கல் ஒப்பந்தம் செய்தது அந்தப் பேச்சைத் திறந்துவிட்டதுதான். கொங்குச் சொல்லில் அது நாயம். திண்ணையில் என்றும் இடம் கிடைக்காதவர்கள் பேசிய நாயம்.

தமிழ் அகராதிகளிலும் அரசாங்கக் கோப்புகளிலும் கம்ப்ளையன்ஸுக்கு 'இணக்கம்' என்று மொழிபெயர்ப்பு போடுகிறார்கள். கறாராகப் பார்த்தால் பொருத்தம் இல்லாத சொல். கம்ப்ளையன்ஸில் ஒருவர் விதி போடுவார், இன்னொருவர் கீழ்ப்படிவார். இணக்கத்துக்கு இரண்டு பேர் வேண்டும். மொழிபெயர்த்தவர் இதை யோசித்துச் செய்தாரா, கைக்கு வந்ததைப் போட்டாரா தெரியாது. ஆனால் இத்தனை ஆண்டு ஆடிட்டுகளும் சான்றிதழ்களும் தீவிபத்துகளும் கடந்து திருப்பூர் இப்போது எதிர்கொள்ளும் கேள்வி அந்தப் பொருந்தாத மொழிபெயர்ப்பில்தான் இருக்கிறது. அடுத்த முறை "நாளைக்குக் கம்ப்ளையன்ஸ் வருது" என்று யாராவது சொன்னால், அந்த விதியை எழுதிய மேசையில் டைலருக்கு ஒரு நாற்காலி இருந்ததா என்று கேட்டுப் பார்க்கலாம். இருந்தது என்றால் அதை இணக்கம் என்று சொல்லலாம். இல்லையென்றால் அது கம்ப்ளையன்ஸாகவே இருக்கட்டும், ஆங்கிலச் சொல் அந்த வகையில் நேர்மையானது.